மாத்திரை நோன்பு

வங்கதேசத்துப் பரிசால் நகரில் படகுத்துறையை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கும் மோத்தாலேபுக்கு அன்று பன்னிரண்டாம் நாள். வயிற்றுப்புண் கிருமி இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் சோதனைக்கு முன், பதினான்கு நாள் கேஸ் மாத்திரையைத் தொடக்கூடாது. தொட்டால், கிருமி இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும். பதினோரு வருடமாகப் பல் துலக்குமுன் ஒன்று போட்ட மனிதர். உட்கார்ந்தால் எரிந்தது, நின்றால் எரிந்தது. கையெட்டும் தூரத்தில் பெட்டி பெட்டியாக மாத்திரை.

அண்ணன் சோபான் போன மழைக்காலத்தில் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தார். "ஒண்ணுமில்லடா, கேஸ்தான்" என்று ஆறு வருடம் இந்தக் கடையில்தான் மாத்திரை வாங்கினார். தம்பியும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அந்த நினைப்பு வயிற்றைவிட அதிகமாக எரிந்தது.

பதின்மூன்றாம் நாள் கொழுந்தியாள் ஹோஸ்னா வீட்டில் விருந்து. உள்ளே கடுகரைத்த இலிஷ் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஹோஸ்னா தண்ணீரும் கேஸ் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னும் அரை மணியில சாப்பாடு மச்சான். நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதான்."

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். வாய் பேச்சிலிருக்க, கை எடுத்தது, தொண்டை விழுங்கியது. மனைவி ரௌஷன் பார்த்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணீங்க?"

"சும்மா இரு. ஒண்ணுதானே."

மறுநாள் முழுக்கக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே கால் தேய்ந்தது. ஒரு மாத்திரை என்ன செய்துவிடும் என்று தன்னோடு தானே மல்லுக்கட்டினார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது, 'இல்லை' என்று எழுதிய ஒரு காகிதம். பயம் ஆளை அப்படி ஆட்டி வைத்தது.

அதற்கடுத்த நாள் காலை சோதனைக்கூடத்துப் பெண் ஊதும் பையைக் கையில் கொடுத்தாள். "சாச்சா, பதினாலு நாளா கேஸ் மாத்திரை எதுவும் போடலியே?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணனும் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்றே போனவர்.

"போட்டேன்மா. முந்தாநேத்து."

அவள் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்ப இன்னும் பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க."

தெருவுக்கு வந்ததும் மோத்தாலேப் கடைச்சாவியைக் கூட வந்திருந்த ரௌஷன் கையில் திணித்தார்.

"அதுவரைக்கும் நீ கடையில உக்காரு. யாரு வந்து கேட்டாலும், எத்தனை நாளா வலிக்குதுன்னு கேட்டுட்டுக் குடு. நான் வந்து கேட்டா குடுக்காத."