பதிவேட்டில் இருந்த பெண்கள்

எங்கள் ஊரில் தேர்தல் முடிவைத் தெரிந்துகொள்ள யாரும் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. வாக்குப் பெட்டி பள்ளிக்கூடத்தை விட்டுப் புறப்படும்போதே முடிவு தெரியும். நான் இரண்டு தடவை கட்சியின் முகவராக எண்ணும் மண்டபத்துக்குப் போயிருக்கிறேன். எங்கள் பெட்டியைக் கொட்டிச் சீட்டுகளைச் சின்னம் சின்னமாகப் பிரிப்பார்கள். ஒரு அடுக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மற்றக் கட்சிகளின் முகவர்கள் அந்த நேரம் பார்த்து எழும்பித் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்தக் கட்சியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்வதில்லை. கட்சி என்றால் அது ஒன்றுதான். போரில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்த காலத்தில் கூரைத் தகரமும் முதல் வலைகளும் அதன் கையால்தான் வந்தன. கோயில் பக்கத்து ஆட்களும் தேவாலயப் பக்கத்து ஆட்களும் வேறு எதில் முரண்பட்டாலும் அதில் முரண்பட்டதில்லை. எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அது கேட்கவோ சொல்லவோ வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

ஆகவே, பிரதேச சபையில் எங்கள் வட்டாரத்துக்குக் கட்சி யாரை நிறுத்துகிறது என்பதுதான் எங்களுக்கு உண்மையான தேர்தல். அதில் வென்றவர் வென்றவர்தான். ஆனால் அந்தத் தேர்தல் ஒருநாளும் நடந்ததில்லை. கிளைத் தலைவர் ஒரு பெயரைச் சொல்லுவார், கூடியிருக்கிற ஆறேழு பேரும் தலையாட்டுவார்கள், செயலாளர் கூட்டக் குறிப்பில் "ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்" என்று எழுதுவார். பதினொரு வருடமாக அந்தச் செயலாளர் நான்தான். அந்த வசனத்தை என் கையாலேயே மூன்று தேர்தலுக்கு எழுதியிருக்கிறேன்.

நான் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கடல் தொழிலுக்குப் போகிறவர். தலைவர் அறுபது வயதைத் தாண்டியவர், இரண்டு படகும், கடற்கரையில் மீனவர்களுக்கு ஐஸ் விற்கிற கொட்டகையான ஐஸ் வாடியும் உள்ளவர். ஊருக்கு முதல் இயந்திரப் படகைக் கொண்டுவந்தவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவர் முதலில் தன்னையும், பிறகு தன் மைத்துனரையும் சபைக்கு அனுப்பினார். மைத்துனர் யாழ்ப்பாணப் பட்டணத்தில், ரவுனில் குடியிருந்தார். எங்களுடைய உறுப்பினரை நாங்கள் பெரும்பாலும் தொலைபேசியில்தான் சந்தித்தோம்.

போன வருட வெயில் காலத்தில் சபையின் தண்ணீர் பவுசர் வண்டி எங்கள் பக்கம் வருவது நின்றுபோனது. பிள்ளைகளுக்குக் கை கழுவவும் தண்ணீர் இல்லாமல் நான்கு நாள் முன்பள்ளியைப் பூட்டினேன். ஐந்தாம் நாள் பஸ் ஏறி உறுப்பினரின் வீட்டுக்குப் போனேன். கேற்றடியில் ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு வெளியே வந்தார். தான் சபைக்குச் சொல்லிவிட்டதாகவும், நான் வீணாக அலைந்திருக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். உள்ளே வந்து இருக்கச் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், மண்டைதீவுச் சந்தியைக் கடக்கும்போது, இந்த மனிதர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார் என்று எழுதியது நான்தானே என்ற எண்ணம் வந்தது. அல்லைப்பிட்டியில் பஸ் நின்று கிளம்பியபோது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

தேர்தல் அறிவித்த கிழமை ஐஸ் வாடிக்குப் போனேன். தலைவர் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரீயும் தரச்சொன்னார். குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்ததாக நினைத்திருப்பார்.

"அண்ணை, இந்த முறை வட்டாரத்துக்கு நான் நிக்க விரும்புறன்," என்றேன்.

அவர் தணிவாகத்தான் சொன்னார். "உம்மடை பேரைப் பொம்பிளையளின்ரை பட்டியலிலை போடுவம் பிள்ளை. வட்டாரம் ஓடித் திரியிற வேலை."

"போன முறையும் பட்டியலிலைதான் போட்டனீங்கள், அண்ணை."

அது அவருக்கும் தெரியும். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. தேர்தலுக்குப் பிறகு அதிலிருந்து யாரை எடுப்பது என்று கட்சி தீர்மானிக்கும். போன முறை அவருடைய மருமகளை எடுத்தார்கள்.

"இந்த முறை நான்தான் நிக்கிறதா இருக்கிறன். கிளையிலை ஆரும் உமக்கு ஓம் எண்டு சொல்லமாட்டினம்," என்றார்.

"அப்ப கிளையைக் கேப்பம்," என்றேன். பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

கட்சியின் யாப்புப் புத்தகம் என் அலுமாரியில், பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது. ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால் கிளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யவேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. ரவுனில் இருந்த கட்சி அமைப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுத்தில் வந்ததை மதிக்கிறவர். தானே வந்து தெரிவை நடத்தித் தருவதாகப் பதில் அனுப்பினார். நாளையும் நேரத்தையும் தலைவர் குறித்தார்: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, சனசமூக நிலையத்தில்.

அன்றைக்குப் பின்னேரம் பதிவேட்டை எடுத்து விரித்தேன். எண்பத்தொரு பெயர்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள்.

அந்தப் பெயர்கள் வந்த கதை எனக்குத்தான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னர், கிளைகள் ஆட்களைக் கூட்டவேண்டும் என்று தலைமையகம் நெருக்கியது. தலைவர் வாக்காளர் இடாப்பைக் கொண்டுவந்து, வீடு வீடாக மனைவிமார், மகள்மார், மருமக்கள்மார் எல்லோரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். ரவுனிலிருந்து அங்கத்துவ அட்டைகள் வந்தன. யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்தேன். அந்தப் பெண்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. அதில் என் பிழையும் இருக்கிறது.

ரின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காஸ் சிலிண்டர் எடுக்கிற அட்டையா என்று கேட்டாள். இன்னொருத்தி, இதில் தன் பெயரை எழுதக் கொடுத்தது யார் என்று கேட்டாள். பெரும்பாலானவர்கள் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருந்த நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறவர்கள். நாள் முழுக்க அவித்த நண்டிலிருந்து சதை பிரித்தெடுக்கும் வேலை. அவர்களுக்கு மேற்பார்வையாக இருந்த அக்கா ஒருத்தி அட்டையை விளக்கடியில் பிடித்துத் தன் பெயரை வாசித்தார்.

"எட்டு வருசமா நான் கட்சியிலை இருந்தனானே?" என்று கேட்டார். "ஒருத்தரும் சொல்லேல்லையே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். செவ்வாய் பத்து மணி என்றதும் சிரித்தார். அந்த நேரம் ஒரு பெண்ணும் வெளியே வர ஏலாது என்று தலைவருக்குத் தெரியாதா என்றார். கொம்பனி முகாமையாளரிடம் தான் பேசுவதாகவும், சனிக்கிழமை பின்னேரம் கூடுதலாக நின்று அந்த வேலையை ஈடு செய்வதாகவும் சொன்னார். முகாமையாளர் ஓம் என்றாரா இல்லையா என்று கடைசிவரை எனக்குச் சரியாகத் தெரியவரவில்லை.

கணவரின் வலைகள் தலைவரின் வாடியில்தான் இருந்தன. ஐஸும் அங்கேதான் வாங்குவார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் அவர் சைக்கிளில் நாலு தரம் போய்வந்து, வாடியில் இருந்த வலைகளையெல்லாம் கொண்டுவந்து எங்கள் சமையலறையை ஒட்டிய குசினிப் பத்தியில் அடுக்கினார். அன்றைக்குத்தான் நான் வெல்லலாம் என்று முதல் தரம் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தில் முப்பது ஆண்கள் இருந்தார்கள். வேலைக்குப் போகாத பெண்கள் நாலு பேர் கதவோரத்தில் நின்றார்கள். நண்டுக் கொம்பனிப் பெண்களைக் காணவில்லை. அமைப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். தலைவர் தொடங்குவோம் என்றார். நான் கால் மணித்தியாலம் கேட்டேன்; அமைப்பாளர் பத்து நிமிடம் தந்தார். அந்த நேரம் முழுக்க நான் குறிப்புப் புத்தகத்தில் திகதியின் மேல் திகதி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் லொறிச் சத்தம் கேட்டது. கொம்பனியின் நண்டு ஏற்றுகிற லொறி. பின்பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை. ரப்பர் சப்பாத்தும் தலையில் வெள்ளைத் தொப்பியுமாக அப்படியே குதித்து இறங்கினார்கள். மண்டபம் முழுக்க நண்டு மணத்தது. கதிரை போதாமல் சுவரோடு சுவராக நின்றார்கள்.

இவர்களெல்லாம் யார் என்று தலைவர் அமைப்பாளரிடம் கேட்டார். அமைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராக வாசித்தேன். பெயர் கேட்டதும் ஒவ்வொருத்தியும் அட்டையை உயர்த்திப் பிடித்தாள். தலைவர் ஏழெட்டுப் பெயர் வரைக்கும் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கங்களை எழுதச் சொன்னவர் அவர்தானே.

வாசித்து முடிந்ததும், வழமைபோல் கை உயர்த்தித் தெரிவு செய்வோம் என்று அவர் எழும்பிச் சொன்னார். அமைப்பாளரும் தலையாட்டத் தொடங்கினார். அப்போது அந்த அக்கா சுவரடியிலிருந்து பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"கை தூக்கினால் ஆர் ஆருக்குப் போட்டது எண்டு தெரியும், ஐயா. பிறகு ஆருக்கு ஐஸ் கிடைக்கும், ஆருக்குக் கிடையாது எண்டும் தெரியும்."

நான் எதிர்பார்க்காதது அதன் பிறகுதான் நடந்தது. முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்தில் இருந்த, படகும் வலையும் சொந்தமாக உள்ள ஒரு சம்மாட்டியார், சீட்டில் எழுதிப் போடுவதுதான் நல்லது என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் அதையே சொன்னார். இத்தனை வருடமும் கை தூக்கி அலுத்தவர்கள் பெண்கள் மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முன்பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி ஒன்றைக் கிழித்துச் சீட்டு வெட்டினோம். தலைவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு. விரும்பிய இலக்கத்தை எழுதவேண்டும். புத்தக அலுமாரியை இழுத்துத் திருப்பி, அதற்குப் பின்னால் ஒரு பென்சிலை வைத்தோம். ஒவ்வொருவராகப் போய் எழுதி, மடித்து, அமைப்பாளருக்கு முன்னால் இருந்த பானைக்குள் போட்டார்கள். சிலர் அலுமாரிக்குப் பின்னால் நீண்ட நேரம் நின்றார்கள். ஒருத்தி வெளியே வந்து, தான் தேர்தலில் வாக்குப் போட்டிருப்பதாகவும், ஆனால் இதுவரைக்கும் யோசித்துப் போட்டதில்லை என்றும் என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

அறுபத்து மூன்று சீட்டுகள். அமைப்பாளர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிச் சத்தமாக வாசித்தார். முதல் எட்டில் ஆறு தலைவருக்குப் போனது. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு என்று வரத் தொடங்கியது. ஒரு சீட்டில் இலக்கம் இல்லை. "தண்ணி வேணும்" என்று எழுதியிருந்தது. அமைப்பாளர் அதைச் செல்லாத சீட்டென்று தள்ளி வைத்தார். மண்டபமே சிரித்தது, தலைவரும் சிரித்தார்.

முப்பத்தேழு எனக்கு. இருபத்தைந்து அவருக்கு.

பெண்கள் கத்தவில்லை. ஒருத்தி ஆரம்பிக்க எல்லோரும் கை தட்டினார்கள். ஆண்களில் பலரும் தட்டினார்கள். என் கணவர் பின்சுவரில் சாய்ந்தபடி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். எனக்குக் கண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நான் இன்னும் செயலாளர். குறிப்பை எழுதி முடிக்கவேண்டும். பேனையை எடுத்தபோது தலைவர் மேசையடிக்கு வந்தார்.

"ஏகமனதா எண்டு எழுதாதையும்," என்றார். "எண்ணிக்கையை எழுதும். எனக்கு இருபத்தைஞ்சு பேர் போட்டவை."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

ஒரு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலை துண்டுப் பிரசுரக் கட்டோடு வந்து, மேற்குப் பக்கத்து வீடுகளுக்குத் தான் கூட்டிப் போவதாகச் சொன்னார். அங்கே போய் வாசலில் நின்று, "இவதான் எங்கடை ஆள்" என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு முப்பத்தேழு பேர் போட்டதை ஒவ்வொரு வீட்டிலும் தானே சொன்னார். தன்னுடைய இருபத்தைந்தையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்ட பெண்கள் பலர், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்கள். தேர்தலுக்கு முன்பே பதிவேட்டில் புதிதாகப் பத்தொன்பது பெயர்கள் சேர்ந்தன. எல்லோரும் தாங்களாகவே வந்து கையெழுத்து வைத்தவர்கள்.

தேர்தல் நாளில் நடந்ததை எழுத அதிகம் இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான் நடந்தது. முடிவு வந்த பின்னேரம் சந்தியில் சீனவெடி கொளுத்தினார்கள். நண்டுக் கொம்பனிப் பெண்கள் என் கழுத்தில் கனகாம்பர மாலையைப் போட்டு, ஒழுங்கை முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். தேவாலயத்தடியில் ஒருதரம், கோயிலடியில் ஒருதரம் நின்றோம். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் யாரோ வந்து என் கையைப் பிடித்தார்கள்.

அடுத்த நாள் நான் முகம் கழுவிக்கொண்டிருக்கையில் ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கு எரிவதில்லையென்று, நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவை நீட்டினாள்.

"உள்ளுக்கை வாரும், இரும்," என்று அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.