மூன்று பேருக்கு ஓர் அறை

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் குடியிருப்பவர்களுக்கு நம்பர்மீது ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. எட்டாவது தெருவுக்கு அடுத்தது ஒன்பதாவது தெரு, அதற்கு அடுத்தது பத்தாவது. குவார்ட்டர்ஸ் நம்பர் தெரிந்தால் போதும், கண்ணைக் கட்டிக்கொண்டு போனாலும் சரியான வாசலில் போய் நிற்கலாம். சாலைகளெல்லாம் நூல் பிடித்தமாதிரி இருக்கும். ஊர் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்ததில் தப்பில்லை, அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அப்படியே நினைத்ததுதான் எங்களை ஒரு பகல் முழுக்கச் சென்னையில் அலையவிட்டது.

அம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எங்கள் ஊர் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கட்டியை எடுக்க வேண்டும், எடுத்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எடுப்பதை மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். குறித்த நாளில் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்துவிட வேண்டும், தவறினால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள். அப்பா அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சென்னையில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கார் கிடையாது. விடியற்காலையில் ஆட்டோ வரும் என்பதில் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் கைக்கு அடக்கமாக ஒரு லாட்ஜ் வேண்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து உட்கார்ந்து போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். ஆஸ்பத்திரி இருப்பது மூன்றாவது தெரு. அதே ஏரியாவில் பதினோராவது தெருவில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. வெள்ளை விரிப்பும், கட்டில்மேல் அன்னப்பறவைபோல் மடித்து வைத்த துண்டுமாகப் படம் பளபளத்தது. அப்பா படத்தைப் பார்க்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

“எட்டே தெரு. நம்ம வூட்ல இருந்து மார்க்கெட்டுக்குப் போற தூரங்கூட வராது. இதையே போட்டுடும்மா.”

கோயம்பேட்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பதினொரு மணி வெயில். தெருப் பலகையில் மூன்று என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நான்காவது தெரு வந்தது. ஐந்தாவது வந்தது. “பாத்தியா?” என்பதுபோல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஆறாவது தெரு வரவேண்டிய இடத்தில் ஒரு கால்வாய் வந்தது. கறுப்புத் தண்ணீர், அதன்மேல் வெள்ளை நுரை, பாலம் எதுவும் இல்லை.

டீக்கடைக்காரர் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆறாவது தெரு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி சார். பதினொண்ணு ரயில்வே லைனுக்கு அந்தாண்ட. அதெல்லாம் நடந்து ஆவாது.”

நடந்தோம். எட்டுத் தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் மூத்திர வாடையும், தலைக்குமேல் ரயில் போகிற சத்தமும். கூரை இடிந்து விழுகிறது என்றே நினைத்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அந்த லாட்ஜை அடைந்தபோது அம்மாவின் உதடு வெளுத்திருந்தது.

லாட்ஜில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா கவுண்ட்டரில் கேட்டது ஒரே கேள்விதான்.

“காலையில அஞ்சு மணிக்கு இங்கேருந்து ஆட்டோ கெடைக்குங்களா?”

“கெடைச்சாலும் கெடைக்கும் சார்.”

“கெடைக்குமா கெடைக்காதா, அதச் சொல்லுங்க.”

அந்த மனிதர் சிரித்தார். அப்பா பெட்டியை மறுபடி தோளில் ஏற்றினார். பஸ் பிடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கினோம்.

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. எங்கள் ஊர் பழுப்பு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டி எடுத்துக் குவித்து வைத்தால், யாரும் பற்றவைக்க வேண்டாம், உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். வருஷக்கணக்கில் அதையே காவல் காத்துக் காத்து அப்பாவுக்கு மூக்கு முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். வீட்டில் கேஸ் வால்வை மூன்று தடவை மூடுவார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே போகிற வழியைத்தான் முதலில் தேடுவார். சென்னை லாட்ஜ்களுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் அதற்கு முன் வந்திருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் நோயாளிகளின் சொந்தக்காரர்களை நம்பிப் பிழைப்பவை. முதல் லாட்ஜில் அப்பா ரூமைப் பார்க்கவே இல்லை. மாடிப்படியோரம் தொங்கிய, தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரின் அட்டையைத் திருப்பிப் படித்தார். “இது தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆவுதுங்களே” என்றார். மேனேஜர், “சார், நீங்க ரூம் பாக்க வந்தீங்களா, ரெய்டு வந்தீங்களா?” என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டாவது லாட்ஜில் பின்வாசல் இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி ஓனரிடம் இருந்தது, ஓனர் திருப்பூரில் இருந்தார். மூன்றாவதில் அப்பா சுவிட்ச் போர்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரனைத் தொட்டதுபோல் முகத்தைச் சுளித்தார்.

முதலில் இருந்த வெட்கம் போய், மூன்றாவது லாட்ஜில் எனக்குப் பயம் வந்துவிட்டது. நீளமான நடை, விட்டுவிட்டு எரியும் டியூப் லைட், இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள், அது நிற்பதாகவே இல்லை. படியில் மொட்டைத் தலையோடு என் வயதுப் பெண் ஒருத்தி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், என்னையே பார்த்தாள். கண்ணை மூடினால் அந்த நடை முழுக்கப் புகை. நாங்கள் மூன்று பேரும் பூட்டிய பின்வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

“அப்பா, தீப்புடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?” என்று கேட்டேன்.

ஒன்றும் ஆகாது பாப்பா என்று சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள்தான் உலகத்தில் அதிகம். என் அப்பா அப்படியே குந்தி உட்கார்ந்து, விளக்க ஆரம்பித்துவிட்டார். “நிமிந்துகினு ஓடக்கூடாது. தரையோட தரையா போவணும். செவுத்த ஒரு கையால தொட்டுகினே போனா வாசல் வந்துரும்.” நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. அதற்குப்பின் அன்று முழுக்க எந்தச் சுவரையும் தொடாமல் என்னால் நடக்க முடியவில்லை.

லாட்ஜுக்குப் பயந்த பயத்தில் அம்மாவைப் பற்றிப் பயப்பட எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. இதை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. அம்மா பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, நாங்கள் ஒவ்வொரு லாட்ஜிலிருந்தும் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நான்கு. அப்பா ஐந்தாவது லாட்ஜின் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தபோது அவள் எழுந்து வந்தாள்.

“ஏங்க, பேசாம உங்க மைன்ஸ்லயே எனக்கு ஒரு ரூம் போட்டுக் குடுத்துடுங்க. அங்கதான் எல்லாம் சரியா இருக்கும்.”

அப்பா சிரிக்கவில்லை. “அதுக்கில்ல, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா...” என்று ஆரம்பித்தார்.

“ஆகறது எங்க இருந்தாலும் ஆகும். எனக்குக் கால் கடுக்குது. நாலாவதா பாத்தீங்களே, அதுவே இருக்கட்டும்.”

நாலாவது லாட்ஜில் ஒரே படிக்கட்டு, ஜன்னலில் இரும்புக் கம்பி. அப்பா அதற்குச் சொன்ன குற்றப்பத்திரிகைதான் எல்லாவற்றிலும் நீளம். ஆனால் அதன் முதல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே ஆஸ்பத்திரியின் கேட் தெரிந்தது. அப்பா அந்த ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சரி என்றார்.

கவுண்ட்டரில் இருந்த மேனேஜர் வயதானவர், நல்ல மாதிரி. பெரிய ரிஜிஸ்டரை அப்பா பக்கம் திருப்பி வைத்து, எத்தனை நாள், எத்தனை பேர் என்று கேட்டார்.

“அஞ்சு நாளுங்க. மூணு பேரு.”

எனக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் அதற்குக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். “அப்பா, நாளையிலேருந்து அம்மா இருக்க மாட்டாங்கல்ல? அப்போ நாம ரெண்டு பேர்தான?” என்றேன்.

மேனேஜருக்கு என்னைப் பிடித்துவிட்டது. “பாப்பா சரியா சொல்லுது சார். மூணாவது ஆளுக்குத் தனி சார்ஜு. இன்னிக்கு மட்டும் மூணுன்னு போட்டு, நாளையிலேருந்து ரெண்டுன்னு போட்டுக்குங்க.”

அப்பாவின் கையில் பேனா நின்றுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்து அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு நாளும் மூணு பேருதாங்க” என்றார் அப்பா. எழுதியது அடுத்த பக்கத்திலும் பதியும்படி அழுத்தி எழுதினார்.

ரூமில் மூன்று தலையணையும் மூன்று துண்டும் கொடுத்தார்கள். அன்னப்பறவை எதுவும் இல்லை. ஆனால் வெளுத்த துண்டு, மடிப்புக் கலையாதது. அம்மா தன் துண்டைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்ததே இருக்கிறது என்றாள். மறுநாள் ஐந்தரை மணிக்கே கிளம்பி ரோட்டைக் கடந்தோம். வண்டியே வராத ரோட்டில் அப்பா கையை நீட்டி நிறுத்திக்கொண்டே கடந்தார். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகுமுன் அம்மா என் ரிப்பனைச் சரி செய்தாள். “அப்பாவப் பாத்துக்க” என்றாள். எல்லாரும் குழந்தையை அல்லவா பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தோன்றியது, கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது.

எட்டு மணிக்கு அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். முடிய மதியம் ஆகும், முடிந்ததும் போன் செய்கிறோம், சின்னப் பிள்ளையை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். ரூமுக்கு வந்தோம். அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு வந்தேன். என் துண்டு நனைந்து போயிருந்தது. கட்டிலில் சுவரோரம் இருந்த மூன்றாவது துண்டை எடுத்துக் காலைத் துடைத்தேன்.

“அத எடுக்காத!”

அப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார். வெள்ளைத் துண்டில் என் பாதத்தின் ஈர அழுக்கு. குளியலறைக்குள் போய் லாட்ஜ் சோப்பைப் போட்டுத் துவைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, கீழே விழுந்துவிடாதபடி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். காய்ந்ததும் பழைய மடிப்பிலேயே மடித்தார். மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடி மடித்தார். அம்மாவின் தலையணைமேல் வைத்தார்.

ஐந்தாம் நாள் கழுத்தில் கட்டோடு அம்மா வந்து அந்தத் துண்டால்தான் முகம் துடைத்துக்கொண்டாள். சோதனை முடிவும் பயப்படும்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆபரேஷன் நடந்த அந்தக் காலையில் போன் இன்னும் அடிக்கவில்லை. துண்டை அழுக்காக்கினால் லாட்ஜில் அபராதம் போடுவார்கள், அந்த மேனேஜருக்குத்தான் அப்பா இப்படிப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். நேற்று மூன்று பேர் என்று தப்பாக எழுதியதற்கும் சேர்த்துத் திட்டு விழுமோ என்னவோ. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

“பயப்படாதீங்கப்பா. நான்தான் எடுத்தேன்னு மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அப்பா என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது. மேனேஜரைப் பற்றிய பயம் அவருக்குத் தெளிந்துவிட்டது என்று நான் நிம்மதியானேன்.