அவிழ்த்தவர் நிற்க வேண்டும்

வாகரையிலிருந்து அம்புலன்சில் வந்த பெண்ணின் இடுப்பில் மஞ்சள் நூல் ஒன்று இருந்தது. அதில் மந்திரத் தகடு அடைத்த செப்புக் கூடு. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்க வேண்டும். அதற்குமுன் உடலில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. தாதியான நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டாள்.

"அத வெட்டினா என்ட பிள்ளைய வெட்டுற மாதிரி மிஸி."

முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டனவாம். மூன்றாவது தங்கியதும் ஊர் அம்மன் கோயில் கட்டாடியார், தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர், கட்டிவிட்ட நூல் அது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவரோ வரமாட்டார். கோயிலில் சடங்கு நடக்கிறது. அது முடியும்வரை பிள்ளைப்பேற்றுத் துடக்கு, அந்தத் தீட்டு, உள்ள இடத்தில் அவர் கால் வைக்கக்கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்து மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவள் நான். நூலும் தகடும் எனக்குச் சரிவராது. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து கூப்பிட்டபடி இருந்தார்கள். என் வேலை நேரமும் முடிந்திருந்தது; என்னைக் கூட்டிப்போக வாசலில் நின்ற என் கணவர் போனுக்கு மேல் போன் அடித்தார்.

கூட வந்த அவளுடைய மாமியார் கட்டாடியாரோடு பேசிக்கொண்டிருந்த போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"ஐயா, உங்கட நூலால ஒரு பிள்ளை சாகப்போகுது" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் உடுக்குச் சத்தம். கட்டாடியார் குரலை உயர்த்தவில்லை.

"கத்தரி வைக்கக்கூடா மகள். உங்கட கையால முடிச்ச அவுருங்க. நான் அம்மாளுக்குச் சொல்லுறன். ஆனா அவுத்த ஆள், அவ கண் முழிக்குமட்டும் பக்கத்தில நிக்கோணும். இனிக் காவல் நீங்கதான்."

"நான் வேதக்காரி."

"அதுக்கென்ன. நிண்டாக் காணும், அதுவே போதும்."

முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிப்போயிருந்தது. கையுறையோடு பிடிபடவில்லை, கழற்றி எறிந்தேன். நகம் உடைந்தது. பின்னால் யாரோ "வெட்டுங்க மிஸி!" என்றார்கள். வெட்டித்தான் இருப்பேன், ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இளகியதும் அவளாகவே இடுப்பைத் தூக்கித் தந்தாள்.

பிள்ளை நீலம் பாரித்து வந்தது. தாமதமாக, மெல்லிசாக அழுதது. உடனே குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டு ஓடினார்கள். நான் மயக்கத்தில் கிடந்தவளின் பக்கத்தில் நின்றேன். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கணவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கட்டாடியாரை மனதுக்குள் திட்டினேன். நான் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஊசியும் மருந்துமாக ஆயிரம் பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கையில் ஒன்றுமில்லாமல், நிற்பதற்கென்றே நின்றதில்லை. அது இவ்வளவு கடினமென்று தெரியாது.

கடைசியில் அவள் கண் திறந்தாள்.

"மிஸி?"

"நிக்கிறன்."

"பிள்ளை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உசிரோட இருக்கு. மூச்செடுக்கக் கஷ்டப்படுது. குழந்தைகள் வார்ட்டில வச்சிருக்காங்க."

அவள் என் கையைத் தன் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டாள்.

"அப்ப இஞ்ச என்ன செய்யுறீங்க? அங்க போய் நில்லுங்க."