ஹாப்லிக்கு வேலை கேட்ட காளியாயி

குற்றச்சாட்டு: 1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்திலிருந்து காளியாயி என்ற பெயருக்கு வந்த நீல நிற வான்கடிதம் ஒன்றை எங்கள் தோட்டத்து அலுவலகப் பெரிய கிளாக்கர் திரு. கந்தப்பன் உரியவரிடம் கொடுக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். தபால் பை திறக்கப்பட்டபோது அருகில் நின்ற தபால்காரர் அழகுமுத்து அதைக் கண்டார். அவருடைய வாக்குமூலம் கையொப்பத்துடன் என்னிடம் இருக்கிறது.

ஒரு கடிதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் காளியாயியை அறியாதவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காளியாயி பதினாறு வருடம் பங்களா ஆயாவாக இருந்தார். வெள்ளைக்காரத் துரையின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர் அவரே. சனிக்கிழமைகளில் துரையும் துரைசாணியும் ரேடியோவில் லண்டன் சிரிப்பு நாடகம் கேட்பார்களாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று இவரும் கேட்பார். அவர்கள் பேசும் இங்கிலீஷில் பாதிதான் விளங்கும். ஆனாலும் சிரிப்பு வந்துவிடும். பங்களாவில் வேலையாட்கள் சிரிக்கக் கூடாது. எனவே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குலுங்குவாராம். ஒருநாள் துரைசாணி அதைக் கண்டுவிட்டார். திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை தாமே திரையை விலக்கி விட்டார்.

1956இல் அந்தக் குடும்பம் கப்பலேறியது. காளியாயி பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். துரைசாணி மாதம் ஒரு கடிதம் எழுதினார். காளியாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைக்காம்பராவுக்கு அடுத்த சுவர் மருந்துக்காம்பரா. அங்கே உதவியாளன் நான். மருந்துப் போத்தல்களின் லேபிள்களிலிருந்தும் பங்களாவிலிருந்து வீசப்பட்ட பழைய பத்திரிகைகளிலிருந்தும் நானாகவே இங்கிலீஷ் கற்றவன். ஆகவே கடிதங்களைப் படித்துச் சொல்வது என் பொறுப்பானது.

முதலில் பிள்ளைகளின் உடல்நலம், மழை, முழங்கால் வலி என்றுதான் எழுதினார். 1960ஆம் ஆண்டு அவர்கள் வீட்டுக்கு டெலிவிஷன் என்ற பெட்டி வந்தது. படமும் பேச்சும் வீட்டுக்குள்ளேயே வரும் பெட்டி. அதில் ஒவ்வொரு புதன்கிழமையும் ஹாப்லி என்பவனின் கதை நடந்தது. ஹாப்லி ஒரு பிஸ்கட் ஆலையில் எடை பார்ப்பவன். தினமும் பிந்தி வருவான். உடைந்த பிஸ்கட்டுகளைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு போவான். வாசலில் மனேஜரைக் கண்டால் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பிஸ்கட் கொட்டும். இந்த ஒரு சங்கடத்தைத் துரைசாணி நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதை நான் மொழிபெயர்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. காளியாயி இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வந்தபோது நடந்ததை நான் என் ஜன்னல் வழியே கண்டேன். பிள்ளைக்காம்பராவின் கதவு அரைக்கதவு. கீழ்ப்பாதியைச் சாத்தி, மேல்பாதியைத் திறந்து, அந்தச் சதுரத்துக்குள் காளியாயி நின்றார். அதுதான் டெலிவிஷன் என்றார். தலையில் பால் காய்ச்சும் சட்டி, அதுதான் தொப்பி. வெள்ளைக்காரர்கள் ஒன்றும் நடக்காததுபோல் வானத்தைப் பார்க்கும் பார்வையைப் பதினாறு வருடம் அருகிலிருந்து பார்த்தவர் அல்லவா, அச்சுப் பிசகாமல் பார்த்தார். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் தாய்மாரின் வயிறு குலுங்கியதில் அழத் தொடங்கின. கங்காணி வேலைக்குக் கூப்பிட்டு விசில் ஊதும்வரை பதினைந்தே நிமிடம். மிச்சம் அடுத்த நாள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு கடிதத்தின் கதை ஒரு வாரத்துக்குத் தாங்கும். எங்கள் மலையில் டெலிவிஷனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஹாப்லி எந்தத் தொப்பி போடுவான், அவன் மாமியார் எந்தப் படியில் வழுக்குவாள் என்பது நாற்பத்து மூன்று பெண்களுக்குத் தெரியும். அவர்களில் வாய்த்துடுக்கானவள் மீனம்மா. அவளுக்கு மட்டும் ஹாப்லியிடம் ஒரு குறை உண்டு. "ஒரு நாளைக்கி நம்ம கூடையக் கட்டி மலைக்கி அனுப்புங்க ஆயா. பிஸ்கட்டு என்ன, பேரையே மறந்துருவான்" என்பாள்.

1962 மார்ச்சில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஆலை முதலாளி பார்வையிட வந்த நாளில் ஹாப்லி மாவுத் தொட்டிக்குள் தும்மிவிட்டான். முதலாளி தலை முதல் கால் வரை வெள்ளையாகிவிட்டார். ஹாப்லியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நாடகமும் அத்தோடு முடிந்தது, இனி வராது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார் துரைசாணி.

அன்று அரைக்கதவுக்குள் காளியாயி தும்மிக் காட்டினார். சிரித்தார்கள். நிறுத்திய கதையைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தும்மலுக்கா என்று கேட்டாள் மீனம்மா. ஹாப்லியைக் குறை சொல்லி வந்தவளே அவள்தான்.

தோட்டத்தில் அப்போதுதான் காமன் கூத்து முடிந்திருந்தது. மாலையில் காளியாயி என் ஜன்னலுக்கு வந்து, ஒரு மனு எழுத வேண்டும் என்றார். இது நடிப்பு, உண்மையில் யாரும் வேலை இழக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா மருந்தய்யா? காமன் கூத்தும் நாடகந்தான். காமன எரிக்கிறோம். மூணாம் நாளு எழுப்புறோமா இல்லியா? எழுப்பாம கூத்த முடிச்சதா சொன்னா இந்தத் தோட்டத்துல யாராச்சும் ஒத்துக்குவாங்களா?"

காகிதம் எடுத்தேன். எழுதினேன். தும்மல் தண்டனைக்குரிய குற்றமாக எந்த விதியிலும் காணப்படவில்லை என்றும், முதலில் எச்சரிக்கை வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், ஒருவரை எரித்தவர்களே எழுப்பவும் கடமைப்பட்டவர்கள் என்றும் மூன்று பத்திகளில், இங்கிலீஷில் அமைத்தேன். நாடகம் நடத்துபவர்களுக்கே முகவரியிட வேண்டும் என்பது என் கருத்து. நிறுத்தியவன் மனேஜர், திரும்ப எடுக்க வேண்டியவனும் அவனே என்பது காளியாயியின் கருத்து. இருவர் பெயரையும் போட்டோம். நாற்பத்து மூன்று கைநாட்டுகள் விழுந்தன. துரைசாணி வழியாக அனுப்புவதென்று முடிவாயிற்று.

மார்ச் 27ஆம் திகதி திரு. கந்தப்பன் அதைத் தபால் பையில் போட மறுத்தார். இத்தனை கைநாட்டுள்ள காகிதம் தொழிற்சங்க விவகாரமாகத்தான் இருக்கும் என்றார். நான் படித்துக் காட்டினேன். பிஸ்கட் என்ற இடத்தில் அவர் உதடு துடித்ததைக் கவனித்தேன். அதற்கு அப்போது காரணம் விளங்கவில்லை. வேலை நேரத்தில் கூட்டம் கூட்டியதாக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது. அதன் பிரதியும், நான் எழுதிய மறுப்பும், மறுப்புக்குப் பதில் வராததை நினைவூட்டிய இரண்டு கடிதங்களும் பத்திரமாக உள்ளன. காளியாயி வாதாடவில்லை. ஒருநாள் லீவு போட்டு, மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு நடந்தே போய், தபாற்கந்தோரில் தம் கையாலேயே மனுவைச் சேர்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரல், மே, ஜூன். கடிதமே வரவில்லை. பத்து மணிக்கு அரைக்கதவு திறக்கும். காளியாயி பழைய கதைகளை நடிப்பார். ஆனால் தும்மலுக்கு முந்தியவற்றை மட்டுமே.

ஜூலை 10ஆம் திகதி நடந்ததை மேலே சொல்லியிருக்கிறேன். 12ஆம் திகதி கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் திரு. கந்தப்பன் மேற்பார்வைக்கு வந்தார். மீனம்மா அன்று பிந்தி வந்தாள்.

"ஹாப்லி கூட இப்ப நேரத்துக்கு வர்றான். ஒனக்கு என்ன கேடு?" என்றார்.

தராசைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் கூடையை இறக்கி வைத்தார்கள்.

"அவனத்தான் நிறுத்திட்டாங்களே. எந்த வேலைக்கி நேரத்துக்கு வர்றான் கிளாக்கரய்யா?" என்று மீனம்மா கேட்டாள்.

திரு. கந்தப்பன் தராசின் முள்ளைப் பார்த்தார். பிறகு தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் அலுவலகக் களஞ்சிய அறையை ஒட்டியது என்பதும், பெரிய கிளாக்கர் ஒன்றரை வருடமாகக் காலை பத்து மணிக்கே அங்கே சாக்கு எண்ணப் போய்வந்தார் என்பதும் அழகுமுத்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மாலையில் காளியாயி அலுவலக ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். நானும் சாட்சியாக நின்றேன். கடிதம் விசாரணையில் இருக்கிறது என்றார் திரு. கந்தப்பன்.

"படிச்சீங்களா?"

அவர் மேசையிலிருந்த பேரேட்டைத் திறந்தார்.

"சிரிச்சீங்களா?"

பேரேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார், ஆனால் காது சிவந்தது.

"சிரிச்சது தப்பில்லீங்க. தனியா சிரிக்கிறதுதான் கஷ்டம். நாளைக்கி பத்து மணிக்கி சாக்கு ரூமுக்குப் போகாம முன்பக்கமா வாங்க. வந்து நீங்களே நடிச்சுக் காட்டுங்க."

அவர் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் வரவில்லை. இன்றோடு பத்து நாளாகிறது. அரைக்கதவு பத்து மணிக்குத் திறந்தே கிடக்கிறது. காளியாயி உள்ளே நிற்பதில்லை. பதில் வந்த பிறகுதான் நிற்பேன் என்கிறார். குழந்தைகள் அமைதியாகப் பால் குடிக்கின்றன. அது எங்கள் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

ஆகவே திரு. கந்தப்பன் அவர்களிடம் கேட்கிறேன். கடிதம் எங்கே? ஹாப்லி பழைய எடை வேலைக்கே எடுக்கப்பட்டானா, வேறு வேலைக்கா? மனேஜர் தம் தவறை ஒப்புக்கொண்டாரா? எங்கள் மனு அங்கே யாராலும் படிக்கப்பட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தொப்பி என்னவாயிற்று? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, கையொப்பத்துடனும் திகதியுடனும், எழுத்து மூலமான பதிலை ஏழு நாட்களுக்குள் காளியாயியின் பெயருக்கு அனுப்பிவைக்க வேண்டும். பிரதி ஒன்று எனக்கு.

நல்லமுத்து
மருந்துக்காம்பரா
22.07.1962