பாதி ஆட்டத்து ரோல்ஸ்

போன சனிக்கிழமை ஆக்லாந்தின் ஹென்டர்சன் கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு, வாங்க வந்தது என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வயதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இருபத்தைந்து வயதிலும் நான் இப்படித்தான். பக்கத்துக் கடையின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து ரஸ்க் தூள் பொரியும் வாசம் வந்தது. உடனே என் வயிறு, பாதி ஆட்டம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. கை தானாகப் போனை எடுத்தது. எடுத்த பிறகுதான், பேச ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த வாசம் மாலா அக்காவின் மட்டன் ரோல்ஸுக்குச் சொந்தம். ஆக்லாந்துக்கு வந்த புதிதில் நான் எம்.சி.ஏ. சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ராசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். அக்கா அவர் மனைவி. மதியத்தில் நான் ஜாம் தடவிய ரொட்டியை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இரக்கப்பட்ட அண்ணை, "சனிக்கிழமை வீட்ட வாரும் தம்பி, மட்ச் இருக்கு" என்றார். மட்ச் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். இந்தியக் கிரிக்கெட் அணியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பிளாக்ஹவுஸ் பேயில் அவர் வீட்டில் போய் இறங்கினேன்.

டிவியில் கையில்லாத பனியன் போட்ட தடியர்கள் ஒரு முட்டைப் பந்துக்காக, ரேஷன் கடையில் கடைசி லிட்டர் மண்ணெண்ணெய்க்கு நடப்பதுபோல, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தாம். ஆக்லாந்துக்காரர்கள் ரக்பி என்ற வேறொரு முட்டைப் பந்துக்குப் பைத்தியம். இதைப் பார்க்க அந்தத் தெருவில் இன்னொரு வீடு கிடையாது. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. நான் "சிக்ஸர்" என்று கத்தி என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். குறி தவறி ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலோ, அதற்கும் ஒரு புள்ளி.

"தப்பா அடிச்சாலும் மார்க் உண்டா அண்ணே? எங்க காலேஜ்ல இந்த வசதி இருந்திருந்தா நான் பெட்டி ஒட்ட வந்திருக்க மாட்டேன்."

அண்ணையின் அணி பாதி ஆட்டத்திலேயே தோற்றுவிடும். மீதி வெறும் சடங்கு. இடைவேளைச் சைரன் ஊதியதும் அவர் நடுவரின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பார். "கட்டையில போவான், கண்ணை வீட்ட கழட்டி வச்சிட்டு வந்திட்டான்." அக்கா ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைப்பார். போன் அடிக்கும். மெல்பர்ன் மைதானத்திலிருந்து அண்ணையின் தம்பி செல்வம்.

இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்கு வெவ்வேறு படகில் அகதிகளாகப் போனவர்கள். தம்பிக்கு, அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாத விசா. அண்ணையைத் தீவு முகாமில் வைத்திருந்து நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். இனி ஆஸ்திரேலியாவில் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். அவர்களுக்கு அது செவ்வாய்க் கிரகம்.

ஆட்டம் நடக்கும்போது போன் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எங்கள் டிவிக்கு இணையம் வழியாகப் படம் வர அரை நிமிடம் பிந்தும். செல்வம் கத்தினால் எங்களுக்கு வரப்போகும் கோல் செத்துவிடும். இரு ஊர்களும் ஒரே நேரத்தில் இருந்தது பாதி ஆட்ட இடைவேளையில் மட்டும்தான்.

"என்ன இந்தியா, இண்டைக்கு எத்தினை சிக்ஸர்?" என்பார் செல்வம். அவரைச் சிரிக்க வைப்பது என் வேலை. சம்பளம் மூன்று ரோல்ஸ். என் மார்க் ஜோக்கை அவர் மறக்கவேயில்லை. "உண்மைதான் இந்தியா. தவறவிட்டவனுக்கும் ஒண்டு குடுக்கிற இடம் உலகத்தில இதுதான்."

அடுத்த குளிர்காலத்தில் அவர் மைதானத்திலிருந்து பேசவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசினார். ஈரலில் புற்று. ஒரு தடவை போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டு அண்ணை விண்ணப்பம் போட்டிருந்தார். ஒவ்வொரு இடைவேளையிலும் செல்வம் முதலில் கேட்பது அதைத்தான்.

"பதில் ஏதும் வந்ததோ அண்ணை?"

"இன்னும் இல்லையடா."

"சரி விடுங்கோ. ஸ்கோரைக் கதைப்பம்."

நாங்கள் சேர்ந்து கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் எங்கள் அணி பாதியில் நாற்பது புள்ளி பின்னால் நின்றது. அண்ணை நடுவரைத் திட்டவில்லை. செல்வத்தின் குரல் ஈரத்துணி போலிருந்தது. "கண் தெளிவாத் தெரியேல்லை. போனை வைக்காதேங்கோ அண்ணை. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ."

வீட்டுச் சட்டம் உடைந்தது. அண்ணை இரண்டு வாக்கியம் சொன்னார், மூன்றாவது வரவில்லை. போனை என்னிடம் நீட்டினார். "நீர் சொல்லும் தம்பி."

விதியே தெரியாதவன் வர்ணனை ஆரம்பித்தேன். "செல்வண்ணே, கொண்டை போட்டவன் எடுத்துட்டான். குட்டையா ஒருத்தன் அவன் முதுகுல குடியேறிட்டான். நம்ம ஆளு உதைக்கிறான்... சிக்ஸர்." அந்தப் பக்கம் சிரிப்போ இருமலோ, ஏதோ ஒன்று.

அப்போதுதான் கவனித்தேன். போனுக்குள், அவருடைய வார்டு டிவியில் கூட்டம் முதலில் ஆர்ப்பரிக்கும். அரை நிமிடம் கழித்தே எங்கள் திரையில் கோல் விழும். நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏற்கெனவே விழுந்தவை. இருந்தும் ஒவ்வொரு தடவையும், "பிறகு?" என்று கேட்டுக் காத்திருந்தார். அக்காவும் கண்டுகொண்டார். ரோல்ஸ் தட்டோடு நின்றபடியே, நிறுத்தாதே என்று தலையசைத்தார்.

அதிசயமாக எங்கள் அணி நெருங்கியது. கடைசி நிமிடங்களில் அண்ணை போனை வாங்கிக்கொண்டார். "டேய், இன்னும் ஒரு கோல்தான்டா. இப்ப அடிக்கப் போறான்." போனுக்குள் கூட்டம் 'ஓ'வென்று அடங்கியது. பிறகு எங்கள் திரையில் பந்து ஓரக் கம்பத்துப் பக்கம் போனது. செல்வம், "பிறகு?" என்று கேட்கவில்லை.

"ஒண்டு குடுத்திருக்கிறாங்களடா" என்றார் அண்ணை. "கேக்குதே? ஒண்டு குடுத்திருக்கிறாங்கள்."

ஒரு நர்ஸ்தான் பேசினாள். தூங்குகிறார் என்றாள். அந்த வாரமே செல்வம் போய்ச் சேர்ந்துவிட்டார். விண்ணப்பத்துக்கு அப்போதும் பதில் வந்திருக்கவில்லை. தகனத்தை அதே டிவியில், அதே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அதுவும் அரை நிமிடம் பிந்தித்தான் வந்திருக்கும். முன்கூட்டியே சொல்லிக் கெடுக்க அங்கே ஆளில்லை.

பிறகு அண்ணை குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போய்விட்டார். ஆட்டம் பார்ப்பதில்லை என்கிறார். கட்டையில போவான் என்று அவர் வாயால் கேட்டுப் பல வருடமாகிறது. நான் மட்டும் இன்னமும் பார்க்கிறேன், இன்னமும் விதிகள் தெரியாமல். பாதியில் சைரன் ஊதியதும் பழக்கதோஷத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். குறைத்த பிறகு வீட்டில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.