ராஜாவின் கன்னத்தில் அரம்

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தபோது, 2003இல், நாணயம் சேர்ப்பவர்களின் மாதக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். பெண் நான் ஒருத்திதான். முக்காடு போட்டவளும் நான்தான். அவர்களுடைய பார்வை எனக்குப் பிடிக்காது. காசுகளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலத்தில் அமெரிக்காவில் சொந்தக் காசு போதுமான அளவு கிடையாது. ஸ்பெயின், போர்ச்சுகல் என்று கப்பலில் எது வந்ததோ அதுவே சந்தையில் ஓடியது. சில்லறை வேண்டுமென்றால் ஸ்பானிய வெள்ளி டாலரைப் பீட்சாவைப்போல் வெட்டிக் கொடுப்பார்களாம். அப்படி வெட்டிய கால் துண்டு ஒன்று, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் யாரோ தங்கள் வீட்டுப் பழைய சாமான்களை விற்றபோது, பட்டன் டப்பாவுக்குள் எனக்குக் கிடைத்தது. ஸ்பெயின் ராஜாவின் பாதி முகம் அதில் தெளிவாக இருந்தது.

ஆசையாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு கிழவர், முன்பு நாணய வியாபாரி. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வாங்கிப் பார்த்தவர், "உங்க நாட்டுப் பக்கம் போலி நல்லாவே செய்வாங்களே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து ராஜாவின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தார்.

காசைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வெள்ளிதான்" என்றார் சாவகாசமாக. "எனக்குக் கொடுத்துடு. இது எங்க நாட்டுச் சரித்திரம். உனக்கெதுக்கு?"

"ஸ்பெயின்காரன் மெக்சிகோவுல அடிச்ச காசு, உங்க சரித்திரமா? முதல்ல மன்னிப்புக் கேளுங்க."

சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் அவரவர் ஆல்பத்தில் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் என் கணவர், "வுடும்மா. ரெட்டைக் கோபுரம் இடிஞ்சதுலேர்ந்து நம்ம ஆளுங்களுக்கு நேரம் சரியில்ல. கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் ஃபைட் பண்ணலாம்" என்றார்.

"அதுவரைக்கும் எவன் வேணா கீறட்டுமா?" என்று கத்தினேன். அந்தக் கிழவரைவிட அவர்மேல்தான் அன்று ஆத்திரம் அதிகம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். கேட்காமல் அடுத்தவர் காசில் யாரும் அரம் வைக்கக் கூடாது என்று விதி போடுங்கள் என்றேன். "இவளா நமக்கு விதி சொல்றது?" என்றார் கிழவர். கடைசியில் கூட்டத்தின் செயலாளர் ஆதரவாகக் கை தூக்கினார். என்மேல் இரக்கப்பட்டல்ல, அவருடைய காசையும் கிழவர் ஒருமுறை கெடுத்திருந்தாராம். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. கிழவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் திரும்பி வரவேயில்லை. அந்தப் பழி முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்; காபி ஊற்றுகிறவர் என்னைத் தாண்டிப் போவார். நாட்டின் மறுகோடியிலுள்ள சன்னிவேலுக்குக் குடிமாறும்வரை ஒரு கூட்டத்தையும் நான் விடவில்லை. வெறும் வீம்புதான்.