குளிர்ந்த கை

உதவி நர்ஸ் பயிற்சிக்காகக் கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். என்னோடு பயிற்சியில் சேர்ந்தவள் கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றும் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வரும். எனக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது.

வேலையில் நான்தான் கெட்டி. சுருக்கமில்லாமல் படுக்கை விரிப்பேன். சரியாகப் பிரஷர் பார்ப்பேன். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன் கை கழுவுவேன். அவள் விரித்த படுக்கையில் மூலை பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஆனாலும் வார்டில் எல்லோரும் கூப்பிட்டது அவளைத்தான்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கன்னடக்கார அம்மா ஒருவர் இருந்தார். உடம்பு துடைக்க நான் போனால், நல்ல கையால் என்னைத் தள்ளிவிடுவார். "ஆ ஹுடுகி எல்லி?" என்பார். அந்தப் பெண் எங்கே என்று கேட்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வந்து ஏதோ சொல்வாள். கோணிய வாய் சிரிக்கும். பக்கெட்டோடு நிற்கும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நாங்கள் இருவருமாக அவரைப் புரட்டும்போது குதிகாலில் ஓரிடம் சிவந்திருப்பதைப் பார்த்தேன். அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். அவளிடம் சிஸ்டரைக் கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டு, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கி நிறுத்தினேன். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டினார்.

"நல்லா கவனிச்சிருக்க."

"நான் பாக்கல சிஸ்டர். அவதான் பாத்தா. உங்களக் கூட்டியாரச் சொன்னதும் அவதான்."

சிஸ்டர் என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். நல்லவள் என்கிற பேரையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "அந்தம்மாவுக்கு என்னக் கண்டா ஏண்டி ஆகல?"

அவள் தயங்கினாள். "உன் கை சில்லுன்னு இருக்குதாம். கொழாத் தண்ணில கழுவிட்டு நேரா வந்து தொடுறியாம். சொன்னா நீ வருத்தப்படுவியோன்னு நான் சொல்லல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்டி."

மறுநாள் கை கழுவித் துடைத்து, உள்ளங்கைகளைச் சூடேறத் தேய்த்துக்கொண்டு போனேன். அந்த அம்மா தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினார். ஆனால் சிரிக்கவும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் அவளை அதே வார்டில் வைத்துக்கொண்டு, என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினார்கள். அங்கே நோயாளிகள் மயக்கத்தில் இருப்பார்கள். யாரும் யாரையும் தேடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் வார்டுக் கதைகளைச் சொல்வாள். யார் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், யார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று. இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவள் வரும்வரை நான் டப்பாவைத் திறப்பதில்லை.